தலைக்கு மேல் மருந்தடிக்க முன் எங்களைக் கேள்!



மருந்தடிக்கும் ட்ரோன் தோட்டங்களுக்கு வருகிறது. "இனி முதுகில் தாங்கி சுமக்கத் தேவையில்லை, மூக்கில் நஞ்சு ஏறாது, மூன்று நாள் வேலை ஒரு காலையில் முடிந்துவிடும்" என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. பெரட்டுக்களத்தில் இதைக் கேட்கிற நம் ஆட்களில் பலர் தலையாட்டுகிறார்கள். தலையாட்டுவதற்கு முன் ஒரேயொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அந்த இயந்திரம் பறக்கும்போது அதற்குக் கீழே இருப்பது யார்?

நாம் இயந்திரத்தின் எதிரிகள் அல்ல. தாங்கி ஒழுகி, சட்டை நனைந்து, கண் எரிந்து, தலை சுற்றி வாந்தி எடுத்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அந்தத் தாங்கி நாளைக்கே ஒழியட்டும். ஒருவரும் அழமாட்டோம். ஆனால் ஒருவனுடைய முதுகிலிருந்து இறக்கிய நஞ்சை எல்லோருடைய தலைக்கு மேலும் ஏற்றிவிட்டு, அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்தால் நாம் கைதட்ட முடியாது.

வட்டையில் நடப்பது நாளை மலையில்

அக்கரைப்பற்றைச் சுற்றியுள்ள வட்டைகளுக்கு இந்த இயந்திரம் முன்பே வந்துவிட்டது. கரையோர ஊர்களில் பிறந்து, தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிற நாங்கள் இரண்டு இடத்தையும் பார்க்கிறோம். வெள்ளாமை பச்சை பிடித்ததும் ட்ரோன் எழும்புகிறது. வரம்பில் இரண்டு பொடியன்கள் பற்றரியும் கலனுமாக ஓடுகிறார்கள். கையுறை கிடையாது, முகக்கவசம் கிடையாது. அடுத்த வயலில் பெண்கள் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். வாய்க்காலில் ஒருவர் வலை வீசுகிறார். பிள்ளைகள் வரம்பால் நடந்து போகிறார்கள். இன்றைக்கு மருந்தடிக்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

வட்டை என்பது சமதரை. ட்ரோன் வருவது தூரத்திலேயே தெரியும், ஓடி ஒதுங்க இடமும் உண்டு. அங்கேயே இந்த நிலை. தோட்டத்தில் லயம் தேயிலைக்குள்ளே இருக்கிறது. பிள்ளைக்காம்பரா தேயிலைக்குள்ளே இருக்கிறது. பாடசாலை, கோவில், பள்ளிவாசல், பீலி எல்லாமே மலைக்கு நடுவிலோ மலைக்குப் பணியவோ இருக்கின்றன. நம் ஆட்களுக்கு வேலைத்தலம் வேறு, வீடு வேறு அல்ல. மலையில் அடிக்கிற மருந்து வீட்டுக் கூரையிலும் விழும்.

ஏன் தாழப் பறக்கிறது?

1921 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு மரத்தோப்பின் மேல் இராணுவ விமானமொன்று ஈய ஆர்சனேட்டுத் தூளைக் கொட்டியது. விமானத்திலிருந்து பயிருக்கு மருந்து போடும் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வேலைக்கு ஒரே விதிதான்: உயரத்தில் நின்று அடித்தால் மருந்தைக் காற்று கொண்டுபோய்விடும், ஆகவே பயிருக்கு மேலே சில மீற்றரில் தாழப் பறக்க வேண்டும்.

தாழப் பறந்தால் என்ன ஆபத்து? மின்கம்பி இருக்கிறது. மேலிருந்து பார்க்கிறவருக்குக் கம்பம் தெரியும், கம்பி தெரியாது. நிழல் மரம் இருக்கிறது, மலை முடுக்கு இருக்கிறது. ஒவ்வொரு நிரையின் முடிவிலும் பாரத்தோடு மேலே எழும்பித் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் இயந்திரம் ஒருமுறை தயங்கினால், திருத்திக்கொள்ள உயரம் கிடையாது. ஒரு நாளைக்குப் பல தடவை இறங்கி, நிரப்பி, எழும்ப வேண்டும். களைப்பு வந்தால் கண் பிசகும். அதனால்தான் விமானத் தொழிலில் மிக ஆபத்தான வேலைகளில் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. கம்பியில் மோதுவது இந்த விமானிகளைக் கொல்லும் முக்கிய காரணங்களில் ஒன்று.

இப்போது ட்ரோன் வந்திருக்கிறது. அதற்குள் விமானி இல்லை. "ஆள் இல்லாததால் ஆபத்தும் இல்லை" என்கிறார்கள். நாம் சொல்வது நேர்மாறானது. விமானி மேலே இருந்தபோது அவருடைய உயிரும் அந்தக் கம்பியில் தொங்கியது. காற்று கூடினால் அவரே இறங்கிவிடுவார். மூடுபனி வந்தால் அவரே மறுப்பார். ட்ரோனை ஓட்டுகிறவர் ரோட்டோரத்தில் நிற்கிறார். கம்பியில் மோதினால் அவருக்குப் போவது ஒரு இயந்திரம். கீழே நிற்கிறவருக்குப் போவது என்ன? 40 லீற்றர் கொள்ளும் பெரிய ரக ட்ரோன் நிரம்பியதும் சுமார் 100 கிலோ வரும். இரண்டு அரிசி மூடையின் பாரம், சுழலும் விசிறிகளோடு, கொழுந்து எடுக்கிற ஒரு தாயின் தலைக்கு மேலே! தாழப் பறப்பதன் ஆபத்து ஒழியவில்லை. மேலே இருந்தவரிடமிருந்து கீழே இருக்கிறவரிடம் கைமாறியிருக்கிறது. கைமாற்றியவர்கள் கீழே இருப்பவரின் சம்மதத்தைக் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களை நம் ஆட்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, மருந்தின் கடுமை. முதுகுத் தாங்கியால் அடிக்கும்போது ஒரு ஏக்கருக்கு நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் கலக்கிறோம். ட்ரோன் அவ்வளவு தண்ணீரைத் தூக்காது. அதே ஏக்கருக்கு வேண்டிய மருந்தைப் பத்து லீற்றர் அளவு தண்ணீரில் கலக்கிறார்கள். அப்படியானால் தாங்கியில் இருந்ததைவிட ஒவ்வொரு துளியிலும் பத்து மடங்கு நஞ்சு இருக்கும். கலனைத் திறந்து கலக்கிற கை அந்தக் கடுமையைத் தொடுகிறது. அந்தக் கை யாருடையது? துரையுடையது அல்ல, ட்ரோன் கம்பனியின் முதலாளியுடையதும் அல்ல.

மற்றது, காற்று. "விடியற்காலையில் காற்றே இல்லை, அடிக்க நல்ல நேரம்" என்பார்கள். மலைநாட்டில் இது எப்போதும் உண்மையல்ல. குளிர்ந்த காலையில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தரையோடு படிந்து கிடக்கும். அதன் மேல் சூடான காற்று மூடிபோல நிற்கும். அப்போது மிக நுண்ணிய துளிகள் மேலே கலைந்து போகாமலும் கீழே விழாமலும் மிதந்து, சரிவு வழியே மெல்ல இறங்கும். சரிவின் அடியில் இருப்பது லயமும் பீலியும்.

காசர்கோட்டைக் கேளுங்கள்

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் என்று சொல்வோருக்கு நாம் காட்டுவது கேரளத்தின் காசர்கோடு. அங்கே அரசுக்குச் சொந்தமான கேரளத் தோட்டக் கூட்டுத்தாபனத்திடம் 4,000 ஹெக்டேருக்கும் அதிகமான முந்திரித் தோட்டம் இருந்தது. முந்திரியைத் தாக்கிய பூச்சிக்குப் பெயரே தேயிலைக் கொசு. நம் தேயிலைக்கும் அது அறிமுகமான பகைதான். அதைக் கொல்ல 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டுவரை ஹெலிகொப்டரில் எண்டோசல்ஃபான் அடித்தார்கள். ஏறத்தாழ இருபத்தைந்து வருடம்!

பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீற்றரில்தான் பறக்க வேண்டும், கிணறுகளை மூட வேண்டும், மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. ஆனால் காசர்கோடு மேடும் பள்ளமுமான நாடு. முந்திரி குன்றின் மேல் நிற்கிறது, குடிசை அடியில் இருக்கிறது. ஹெலிகொப்டரால் குன்றோடு குன்றாக உரசிப் பறக்க முடியுமா? உயர்ந்து பறந்தது. மருந்து காற்றோடு போனது. அங்குள்ள பலருக்குக் குடிதண்ணீர் குன்றைக் குடைந்து எடுத்த சுரங்கங்களிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் வருகிறது. கிணற்றைத் தார்ப்பாயால் மூடலாம். ஓடும் ஓடையை எதனால் மூடுவது? நம் பீலியை எதனால் மூடுவது?

முதலில் காட்டியவை மாடுகள். கால் கோணிப் பிறந்த கன்றுகளைப் பற்றி அந்த ஊர்க்காரரான பத்திரிகையாளர் ஸ்ரீ பட்ரே 1970களின் இறுதியிலேயே எழுதினார். யாரும் காதில் போடவில்லை. பிறகு பிள்ளைகள். பட்ரே கிராமத்தில் வைத்தியம் பார்த்த வைத்தியர் மோகன்குமார், ஒரு சின்ன ஊரில் இவ்வளவு வலிப்பு நோயும் பிறவி ஊனமும் மூளை வளர்ச்சிக் குறைவும் புற்றுநோயும் ஏன் என்று கேட்கத் தொடங்கினார். பெரியாவில் விவசாயத் திணைக்கள உத்தியோகத்தராக வேலை செய்த லீலாகுமாரி அம்மா 1998இல் ஹொஸ்துர்க் முன்சிஃப் நீதிமன்றத்துக்குப் போய் மருந்தடிப்பதற்குத் தடை வாங்கினார். ஒரு அரச நிறுவனத்தின் ஹெலிகொப்டரை ஒரு அரச ஊழியரான பெண் தரையிறக்கினார். அகமதாபாத்திலுள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் 2001இல் ஆராய்ந்தபோது, மருந்தடிப்பது நின்று பல மாதங்களான பிறகும் பிள்ளைகளின் இரத்தத்தில் எண்டோசல்ஃபான் இருந்தது.

அந்த நோய்களுக்கெல்லாம் இந்த மருந்துதான் காரணமா என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாதாடட்டும். இருபத்தைந்து வருடம் தலைக்கு மேல் அடித்துவிட்டு, ஆதாரம் எங்கே என்று நோயாளியிடம் கேட்பது என்ன நியாயம்? ஆதாரம் காட்ட வேண்டியவர் அடித்தவர், நனைந்தவர் அல்ல.

2011 ஏப்ரலில் ஜெனீவாவில் கூடிய ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் எண்டோசல்ஃபானை உலக அளவில் ஒழிக்கத் தீர்மானித்தன. அடுத்த மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. 2017 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து இலட்சம் இந்திய ரூபாவை மூன்று மாதத்தில் கொடுக்கும்படி கட்டளையிட்டது. ஐந்து வருடம் கழித்து 2022இல் நீதிமன்றம் மறுபடி கணக்குக் கேட்டபோது, 3,704 பேரில் எட்டுப் பேருக்கே பணம் போயிருந்தது. தோழர்களே, இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். அடிக்க முன் தடுக்காவிட்டால், அடித்த பிறகு நீதி இந்த வேகத்தில்தான் வரும்.

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

"எண்டோசல்ஃபான் தடைசெய்யப்பட்ட மருந்து, நாம் அடிப்பது பதிவுசெய்யப்பட்ட மருந்து" என்பார்கள். உண்மை. இலங்கை அதை 1998இலேயே தடைசெய்தது. ஆனால் காசர்கோட்டில் அடித்த காலத்தில் அங்கே அதுவும் பதிவுசெய்யப்பட்ட மருந்துதான். இன்றைக்குப் பதிவில் இருப்பது நாளைக்குத் தடையாகலாம். நம் உடம்பு அந்தப் பதிவேட்டைப் பார்த்து நோய்ப்படுவதில்லை.

"ட்ரோன் ஹெலிகொப்டர் போல அல்ல, இன்னும் தாழப் பறக்கும், மருந்து பரவுவது குறைவு" என்பார்கள். சரியான துளியளவில், சரியான உயரத்தில், காற்றுப் பார்த்து, பயின்ற கை ஓட்டினால் குறைவுதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. அந்த நிபந்தனைகளை யார் சரிபார்ப்பது? ஏக்கர் கணக்கில் காசு வாங்குகிற ஒப்பந்தக்காரர், காற்று கூடிவிட்டது என்று தானாக இயந்திரத்தை மூடிவைப்பாரா?

"செலவு குறையும், தோட்டம் பிழைக்கும்" என்பார்கள். எந்தச் செலவு? மருந்தடிக்கிறவரின் சம்பளம்தான் அந்தச் செலவு. மிச்சம் அவர்களுக்கு, ஆபத்து நமக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

மருந்தைப் பார்க்க 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பறப்பதைப் பார்க்க 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சேவைகள் சட்டம் இருக்கிறது. வேலைத்தலப் பாதுகாப்பைப் பார்க்க 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது தொழிற்சாலைக்கு உரியது. கொழுந்து எடுக்கிற மலை தொழிற்சாலை அல்ல. ஒருவர் போத்தலைப் பார்க்கிறார், ஒருவர் இயந்திரத்தைப் பார்க்கிறார், ஒருவர் ஆலையைப் பார்க்கிறார். மலையில் நிற்கிற பெண்ணைப் பார்ப்பது யார்?

மற்ற நாடுகள் என்ன செய்தன? ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் வானிலிருந்து மருந்தடிப்பதைப் பொதுவாகவே தடைசெய்து, வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தது. பிலிப்பைன்ஸின் தாவாவ் மாநகரசபை 2007இல் வாழைத் தோட்டங்களின் மேல் விமானத்தால் மருந்தடிப்பதைத் தடைசெய்தது. வாழைக் கம்பனிகள் வழக்குப் போட்டன. ஒன்பது வருடம் இழுபட்டு, 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாநகரசபையின் தடையைச் செல்லாது என்றது. நமக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. ஊர்ச் சபை நல்ல மனதோடு போடுகிற விதி மட்டும் போதாது. நாட்டுச் சட்டத்திலும் எழுத வேண்டும், கூட்டு ஒப்பந்தத்திலும் எழுத வேண்டும். அதை எழுதுவிக்கிற பலம் சங்கத்துக்கு வேண்டும்.

நாம் கேட்பவை

1. எந்த மலையில், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன மருந்து என்பதை இரண்டு நாளுக்கு முன் பெரட்டுக்களத்திலும் லயத்திலும் பாடசாலையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும்.

2. மருந்தடிக்கும் மலையிலும் அதை அடுத்த மலையிலும் ஒருவரையும் வேலைக்கு விடக்கூடாது. அதனால் வேலை இல்லாமல் போகிறவருக்கு அன்றைய முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

3. லயம், பிள்ளைக்காம்பரா, பாடசாலை, வணக்கத்தலம், பீலி, கிணறு, ஓடை ஆகியவற்றைச் சுற்றி நூறு மீற்றருக்குள் வானிலிருந்து ஒரு துளியும் அடிக்கக்கூடாது.

4. அடிக்க முன் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரோடு மலையை நடந்து பார்த்து, கம்பி, கம்பம், மரம், ஆள் போகிற பாதை எல்லாவற்றையும் படத்தில் குறிக்க வேண்டும்.

5. காற்றின் வேகத்தை அளந்து எழுத வேண்டும். காற்று கூடினாலோ மூடுபனி இறங்கினாலோ வேலையை நிறுத்தும் உரிமை அந்தப் பிரதிநிதிக்கு இருக்க வேண்டும்.

6. மருந்துப் போத்தலில் சொல்லியிருக்கிற கால அளவு முடியும்வரை அந்த மலைக்குக் கொழுந்து எடுக்க அனுப்பக்கூடாது. எல்லையில் பலகை வைக்க வேண்டும்.

7. கலக்குகிறவருக்கும் நிரப்புகிறவருக்கும் கையுறை, முகக்கவசம், மேலங்கி, குளிக்கத் தண்ணீர், குளிக்கச் சம்பளத்தோடு நேரம், காலத்துக்குக் காலம் இரத்தப் பரிசோதனை வேண்டும். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களையும் இந்த வேலைக்குத் தொடவிடக்கூடாது.

8. இப்போது மருந்தடிக்கிறவர்களை வெளியே தள்ளக்கூடாது. ட்ரோன் ஓட்டப் பயிற்சி அவர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும்.

9. ஒவ்வொரு தடவை அடித்த விபரத்தின் பிரதியும் சங்கத்துக்கு வர வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கப் போனால் முதலில் கேட்பது "எப்போது, எங்கே, என்ன மருந்து?" என்பதுதான். பதிவு அவர்களிடம் மட்டும் இருந்தால் பதிலும் அவர்களுடையதாகவே இருக்கும்.

இன்றிலிருந்து நாம் செய்ய வேண்டியவை

ஒப்பந்தம் எழுதும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. ஒவ்வொரு லயத்திலும் ஒரு கொப்பி வையுங்கள். ட்ரோன் பறந்த நாள், நேரம், மலை, காற்று அடித்த திசை, மணம், யாருக்கு என்ன வருத்தம் என்று எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்; அவர்களிடம் கொடுங்கள். பறக்கும் சத்தம் கேட்டால் தண்ணீர்ப் பாத்திரங்களை மூடுங்கள், காயப்போட்ட உடுப்பை எடுங்கள், பிள்ளைகளை உள்ளே விடுங்கள். மேலே பட்டால் உடனே உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தலை சுற்றல், வாந்தி, கண் மங்கல், அதிக வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியருக்கு அந்தப் பெயர் வேண்டும். பிறகு தோட்டத் தலைவருக்கும் மாதர் தலைவிக்கும் சொல்லுங்கள். வீட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள்.

வட்டையில் கூலிக்குப் போகிற அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, அட்டாளைச்சேனைக் குடும்பங்களுக்கும் நாம் சொல்வது இதுதான். போடியார் முஸ்லிமா, தமிழரா, சிங்களவரா என்று பார்த்து அந்தத் துளி விழுவதில்லை. கரும்புக் காணியில் வேலை செய்கிற சிங்களத் தொழிலாளியும் மலையில் கொழுந்து எடுக்கிற தமிழ்த் தாயும் வட்டையில் புல்லுப் பிடுங்குகிற முஸ்லிம் சகோதரியும் ஒரே வானத்துக்குக் கீழேதான் நிற்கிறார்கள். கேட்பதையும் ஒன்றாகவே கேட்போம்.

காசர்கோட்டு மக்கள் கேட்கத் தொடங்கியபோது இருபது வருடம் ஓடியிருந்தது. நமக்கு அந்த இருபது வருடமும் இன்னும் கையில் இருக்கிறது. ட்ரோனைக் கொண்டுவர விரும்பும் நிர்வாகம் முதலில் சங்கத்தோடு மேசைக்கு வரட்டும். ஒன்பது கோரிக்கையிலும் கையெழுத்திடட்டும். அதற்குப் பிறகு பறக்கட்டும்.

அதுவரை, நம் தலைக்கு மேலே எந்த நஞ்சும் பறக்க விடமாட்டோம்!